முதல் பெல்ட் கிரைண்டர்: பெல்ட்டில் தொடங்கியிருக்க வேண்டும்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு "கிரைண்டர் வாங்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லக் கூடாது. "இருக்கிறதே நன்றாகத்தானே அரைக்கிறது, இன்னொன்று எதற்கு?" என்றார் அம்மா. மாவு கிரைண்டர் இல்லை, மணல் ஒட்டிய பெல்ட் ஓடிக் கத்தியைத் தீட்டி உருவாக்கும் கிரைண்டர் என்று விளக்கியதும் அவர் முகத்தில் வேறு கவலை வந்தது. நூல் கம்பெனியில் கணக்கு எழுதுகிற மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தி செய்கிறான் என்பதை அவர் ஏற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆயிற்று. அதுவும் என் பேச்சால் அல்ல, நான் செய்த கத்தியில் தக்காளி நசுங்காமல் துண்டானதால்.

முதல் நான்கு கத்திகளை அரத்தால்தான் செய்தேன். நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் வெளிவடிவத்தை வெட்டி எடுத்து, கூரை நோக்கி இறங்கும் சரிவு முழுவதையும் அரத்தால் ராவினேன். ஒரு கத்திக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தோள்பட்டை போய்விடும். இருந்தும், இன்றைக்கு யாராவது முதல் மெஷின் பற்றிக் கேட்டால், மூன்று கத்தியாவது அரத்தில் செய்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். அரத்தில் ஒரு கத்தியைக் கெடுப்பது கடினம், கெடுக்க நினைத்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். பெல்ட்டில் மூன்று வினாடி போதும். சரிவு எங்கே தொடங்க வேண்டும், நடுக்கோடு எங்கே ஓட வேண்டும் என்பதைக் கை மெதுவாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் வேகம் உதவுகிறது.

என் முதல் மெஷின் இணையத்தில் வாங்கியது. பெல்ட் 25 மி.மீ. அகலம், 762 மி.மீ. நீளம், மூன்றில் ஒரு பங்கு எச்.பி. மோட்டார், ஒரே வேகம். விலை 9,500 ரூபாய். பெட்டியைப் பிரித்த அன்று இரவு பத்து மணி வரை கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் தேய்த்தேன். அரத்தில் ஒரு மாலை முழுவதும் எடுக்கும் வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. அந்த மகிழ்ச்சி மூன்று வாரம் நீடித்தது.

பிறகு குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெல்ட்டுக்குப் பின்னால் தாங்கி நிற்கும் தட்டை இரும்புக்குப் பிளேட்டன் என்று பெயர். இந்த மெஷினில் அது வளைத்த தகடு. கொஞ்சம் அழுத்தினால் பின்னுக்குப் போகும், அதனால் சரிவு தட்டையாக வராமல் தொப்பை போட்டது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும். சூடு இன்னொரு தொல்லை. பெல்ட் குட்டையாக இருந்தால் ஒவ்வொரு மணலும் ஆறுவதற்குள் மறுபடி இரும்பைச் சந்திக்கிறது. 762 மி.மீ. பெல்ட், ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும் 1830 மி.மீ. பெல்ட்டைவிட 2.4 மடங்கு அடிக்கடி சுற்றி வருகிறது. பரப்பளவைக் கணக்கிட்டால் பெரிய பெல்ட் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கணக்கு எழுதுகிறவன் இதை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்தச் சூடு ஒரு கத்தியைத் தின்றது. இ.என். 31 எஃகில் செய்தது. ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் கொடுத்துக் கடினப்படுத்தி, எளிதில் உடையாமல் இருக்க மறுபடி 200 டிகிரியில் சூடாக்கிப் பதம் இறக்கி வாங்கி வந்திருந்தேன். கடைசியாகக் கூர்ப் பகுதியை மெல்லியதாக்கிக்கொண்டிருந்தேன். முனைக்கு வரும்போது கை ஒரு நொடி தயங்கியது. முனையில் இரும்பே இல்லை, சூடு ஓடிப்போக இடமும் இல்லை. முதலில் வைக்கோல் நிறம், உடனே பழுப்பு, அடுத்துக் கத்தரிப்பூ நிறம், தண்ணீரில் முக்குவதற்குள் அழகான மயில்நீலம். நீலம் என்றால் 300 டிகிரியை ஒட்டிப் போய்விட்டது என்று பொருள். 200இல் பதம் வைத்த எஃகு 300ஐப் பார்த்தால் அந்த இடம் மென்மையாகிவிடும். நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம், மென்மையானதை எடுக்க முடியாது. முனையில் 12 மி.மீ. வெட்டி எறிந்தேன். அம்மாவிடம் "இது குட்டை மாடல்" என்று கொடுத்தேன்.

அடுத்த மெஷினுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியபோது, எல்லோரையும் போல நானும் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மெஷினின் சட்டம் அழகு, எது கவிழ்த்துப் படுக்கவைக்கலாம், எதில் எத்தனை சக்கரம். அதை நிறுத்தியது பெல்ட் கடைக்காரர். சின்ன மெஷினுக்குப் பெல்ட் கேட்கப் போயிருந்தேன். அவர் கடையில் 25 × 762 அளவில் கிடைத்தது சாதாரண அலுமினியம் ஆக்சைடு மணல் ஒட்டிய பெல்ட் மட்டும். "செராமிக் மணல் வேண்டும்" என்றேன். "அளவு சொல்லுங்கள் தம்பி, ஒட்டித் தருகிறேன். ஆனால் இந்த மோட்டாருக்குச் செராமிக் எதற்கு?" என்றார்.

அவர் சொன்னது அப்போது புரியவில்லை. செராமிக் மணலுக்கு அழுத்தம் வேண்டும். நன்றாக அழுத்தினால்தான் மணலின் நுனி சின்னச் சின்னதாக உடைந்து புதிய கூர் வெளியே வரும். அழுத்தத் திராணியில்லாத மோட்டாரில் போட்டால் மணல் உடையாது, தேய்ந்து பளபளப்பாகி, வெட்டாமல் வெறுமனே உரசிச் சூடேற்றும். விலையுயர்ந்த பெல்ட்டை வாங்கி இரும்பை வறுத்துக்கொண்டிருப்போம். ஆகவே எந்தப் பெல்ட் வேண்டும் என்பது எத்தனை எச்.பி. வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. மெஷின் ஒருமுறைச் செலவு, பெல்ட் மாதச் செலவு. அப்படியிருக்க நாம் மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கடையில் உட்கார்ந்தே அளவை முடிவு செய்தேன்: 50 மி.மீ. அகலம், 1830 மி.மீ. நீளம். அமெரிக்கக் கத்திக்காரர்கள் இரண்டுக்கு எழுபத்திரண்டு என்று இன்ச் கணக்கில் சொல்வது இதைத்தான். கத்தி வேலைக்கென்று வரும் பெல்ட்டுகள் இந்த அளவில்தான் அதிகம், அதனால் செராமிக் முதல் மெருகேற்றும் நார்ப் பெல்ட் வரை எல்லா வகையும் கிடைக்கும். உங்கள் ஊரில் வேறு அளவு எளிதாகக் கிடைத்தால், அதை ஒட்டித் தர ஒருவர் இருந்தால், அந்த அளவிலேயே மெஷினைச் செய்துகொள்வதில் தவறில்லை. கடைக்காரரைப் பார்க்காமல் சட்டத்துக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி மோட்டார். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும், அதிகம் அலையவிட்டதும் இதுதான்.

அமெரிக்க வரைபடங்களில் பெல்ட்டை ஓட்டும் மோட்டார் சக்கரத்தின் விட்டம் நாலு இன்ச் என்றிருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 3450 சுற்று ஓடும், பெல்ட் வினாடிக்கு 18 மீட்டருக்கு மேல் போகும். நமக்கு 50 ஹெர்ட்ஸ். அதே வகை மோட்டார் இங்கே 2880 சுற்றுதான், வேகம் 15 மீட்டர். நான் வாங்கியதோ நாலு துருவம், 1440 சுற்று. அதில் நாலு இன்ச் சக்கரம் மாட்டினால் ஏழரை மீட்டர். மாவரைக்கும் கிரைண்டரே பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். நல்லவேளையாக, லேத்தில் சக்கரம் கடைவதற்கு முன்பு ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். விட்டத்தை மீட்டரில் எழுதி, 3.14ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 150 மி.மீ. சக்கரம், 1440 சுற்று: 11.3 மீட்டர். வேகம் மாற்றும் வி.எஃப்.டி. வைத்து 75 ஹெர்ட்ஸ் வரை ஏற்றினால் 17 மீட்டர். 15 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் மூன்றரை மீட்டர், முனையை மெல்லியதாக்கவும் மரப்பிடி தேய்க்கவும் அதுவே தேவை. 50 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போகச் சுழற்றும் பலம் குறையும் என்பதையும், மிக மெதுவாக நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகிச் சூடேறும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

இரண்டு எச்.பி. மோட்டார், பழையது, ஒரு மில் கழித்துப்போட்டது, உடல் முழுவதும் மூடிய வகை. திறந்த மோட்டாரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, இரும்புத் தூள் காயிலுக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் இருப்பது ஒருமுனை மின்சாரம். வி.எஃப்.டி. அதை வாங்கி மும்முனையாக மாற்றிக் கொடுக்கும் என்று படித்திருந்தேன். மாட்டினேன், ஓடியது. சத்தமே இல்லாமல் அப்படி ஒரு ஓட்டம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுச் செராமிக் பெல்ட்டைப் போட்டு, ஒரு பட்டையை அழுத்தினேன். நின்றுவிட்டது.

இரண்டு எச்.பி. என்று எழுதியிருக்கிறது, ஒரு கையால் நிறுத்துகிறேன். பெல்ட் இழுவை அதிகமோ என்று ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். பேரிங் இறுக்கமோ என்று கழற்றிப் பார்த்தேன். வி.எஃப்.டி.யின் கையேட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் மாற்றிப் பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அவரைத் திட்டிக்கொண்டேதான் மோட்டாரை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த பெரியவர் மோட்டாரைக் கழற்றவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெயர்த்தகட்டை மட்டும் படித்தார். "எத்தனை வோல்ட் கொடுக்கிறீர்கள் தம்பி?"

"வீட்டுக் கரண்ட்தான் ஐயா, 230."

"இவனுடைய பசி 415. நீங்கள் 230 போட்டுவிட்டு வேலை செய்யச் சொன்னால் எப்படிச் செய்வான்?"

விஷயம் இதுதான். ஒருமுனையை வாங்கும் சாதாரண வி.எஃப்.டி. மும்முனையாக மாற்றித் தரும், ஆனால் 230 வோல்ட்டுக்கு மேல் தராது. என் மோட்டாரின் மூன்று காயில்களும் 415 வோல்ட்டுக்காக ஸ்டார் முறையில், அதாவது ஒவ்வொன்றின் ஒரு நுனியும் ஒரே முடிச்சில் சேரும்படி, இணைக்கப்பட்டிருந்தன. அப்படியே 230 கொடுத்தால் பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே காயில்களை டெல்டாவாக, முக்கோணம் போல, மாற்றி இணைத்தால் 230இல் முழு பலம். மோட்டார் பெட்டியில் ஆறு ஒயர் வெளியே வந்திருந்தால் தகடுகளை மாற்றிப் போடுவது பத்து நிமிட வேலை. என்னுடையதில் மூன்றுதான் வந்திருந்தன, மற்ற மூன்று நுனிகளையும் உள்ளேயே முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டிருந்தார்கள்.

பெரியவர் மூடியைக் கழற்றினார். வார்னிஷ் காய்ந்த வாசனை. காயில் முகப்பில் நூல் சுற்றிய கட்டுக்குள் விரலால் தடவித் தடவி, குழாய் உறை போட்ட ஒரு தடித்த முடிச்சைக் கண்டுபிடித்தார். நூலை அறுத்து, உறையை உருவி, முறுக்கி ஒட்டியிருந்த மூன்று செம்புக் கம்பிகளைப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் புது ஒயர் ஒட்டி, உறை மாட்டி, மறுபடி நூலால் கட்டி, வார்னிஷ் தடவினார். பிறகு சீரீஸ் பல்பு ஒன்றை வைத்து எந்த நுனிக்கு எது ஜோடி என்று பார்த்து, முடிச்சுப் போட்டுக் குறித்தார். "மூணரை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், இனிமேல் ஆறு இழுக்கும். அதை உங்கள் வி.எஃப்.டி. பெட்டியில் மாற்றிவிடுங்கள்" என்றார். கூலி 600 ரூபாய். விற்றவரைத் திட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே மும்முனை மோட்டார் வாங்குகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து ஒயர்களை எண்ணுங்கள். ஆறு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பெயர்த்தகட்டில் 230 டெல்டா, 415 ஸ்டார் என்று இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பக்கம், ஏ.சி.க்குப் போடுவது போல 16 ஆம்பியர் தனி லைனும் சரியான எர்த்தும் வேண்டும். இதற்கெல்லாம் பணம் இல்லை என்றால் ஒருமுனை மோட்டார், 1440 சுற்று, 150 மி.மீ. சக்கரம், ஒரே வேகம். 11 மீட்டர் வேகம் மெதுவானதுதான், ஆனால் புதியவனுக்கு அந்த மெதுவே பாதுகாப்பு. வேகமாக ஓடுகிற ஒற்றை வேக மெஷினைவிட அது எவ்வளவோ மேல்.

சட்டத்தைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. 12 மி.மீ. தகட்டை லேசரில் வெட்டி வாங்கி, போல்ட் போட்டுச் சேர்த்தேன். பிளேட்டனைத் தாங்கும் கருவிக் கை நுழையும் குழாய்க்குள் ஒரு வெல்டிங் கோடு ஓடும் என்பதும், அதைச் சீவாமல் விட்டால் கை நுழையாது என்பதும் எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தி. அரத்தால் சீவினேன். பழைய நண்பன் உதவினான்.

சக்கரங்களை மட்டும் நல்ல லேத் பட்டறையில் கொடுங்கள். பெல்ட்டை இடமும் வலமும் நகர்த்தும் மேல் சக்கரத்தை நான் தட்டையாகவே வரைந்து கொடுத்துவிட்டேன். லேத் அண்ணன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதற்கு வயிறு எங்கே?"

"வயிறா?"

"பழைய மில்லில் தட்டைப் பெல்ட் ஓடின புல்லிக்கு நடுவில் வயிறு வைத்துத்தான் கடைவோம். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். பெல்ட் மேட்டுக்கு ஓடும். வயிறு இல்லையென்றால் உங்கள் பெல்ட் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்."

ஐம்பது மி.மீ. அகலச் சக்கரத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு அரை மில்லிக்குச் சற்று அதிகமாக இறக்கம் கொடுத்தார். மேல் சக்கரத்துக்கு மட்டும்தான், மற்றவை தட்டை. அன்றிலிருந்து பெல்ட் ஒரு நூல் அளவுகூட விலகியதில்லை. பிளேட்டனுக்கு மெல்லிய இரும்பு வேண்டாம், சில மாதத்தில் நடுவில் குழி விழும். நான் கடினப்படுத்திச் சாணை பிடித்த இ.என். 31 பட்டையைப் பொருத்தினேன், கண்ணாடி பீங்கான் ஒட்டுகிறவர்களும் உண்டு. மேடைக்கும் பிளேட்டனுக்கும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் கத்தியைத் தொட வேண்டும். பெரிய ரப்பர்ச் சக்கரம் ஆசை காட்டும். குழிச் சரிவு வேண்டும் என்று உறுதியாகத் தெரியும் வரை அதற்குப் பணம் போடாதீர்கள். எனக்கு இன்னும் தேவைப்படவில்லை.

ஒரு இழப்பையும் சொல்லிவிடுகிறேன். வி.எஃப்.டி.யை மெஷினின் காலிலேயே, பெல்ட்டுக்கு நேர் கீழே மாட்டியிருந்தேன். கைக்கு எட்டும் என்ற சோம்பல். நாலாவது மாதம் ஒரு "டப்". திறந்தால் உள்ளே கருப்புப் பவுடர் பூசியது போல் இரும்புத் தூள். மின்சாரம் பாயும் தூள் அது, மரத்தூள் போல் சும்மா கிடக்காது. இப்போதையது கொட்டகைக்கு வெளியே, சுவரின் மறுபக்கத்தில் இருக்கிறது. வேகத் திருகும் சுவிட்சும் மட்டும் மெஷினுக்கு வருகின்றன. வெடித்துப்போன வி.எஃப்.டி.யையும் சேர்த்து மொத்தச் செலவு 58,000 ரூபாய்.

பெரிய மெஷினில் முதல் கத்தி. இரண்டரை மி.மீ. பட்டை. விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி, பட்டையின் கனம் உள்ள டிரில் பிட் ஒன்றைத் தட்டையான கல்லில் படுக்கவைத்து, அதன் நுனியால் கீறினேன். நுனி எப்போதும் நடுவில்தான் இருக்கும் என்பதால் நடுக்கோடு தானாக விழுந்தது. நேரடியாகச் சரிவைத் தொடங்கவில்லை. பழைய 60 கிரிட் (மணலின் அளவு எண், எண் ஏற ஏற மணல் பொடியாகும்) பெல்ட்டில் ஓரத்தின் இரு மூலைகளையும் செங்குத்தான கோணத்தில் கோடு வரை தேய்த்துவிட்டேன், கூரான மூலை புது பெல்ட்டின் மணலைப் பிய்த்துவிடும். பிறகு புது செராமிக், 60 கிரிட். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கைகளை அசைக்காமல் உடம்பை மட்டும் இடமிருந்து வலமாகச் சாய்த்தேன். பொறி ஒரே அகலத்தில், வைக்கோல் பிரி போலக் கீழே இறங்கினால் சரிவு தட்டையாகப் பதிகிறது என்று பொருள். பொறி ஒரு பக்கம் மட்டும் தடித்தால் கை சாய்ந்துவிட்டது. கண்ணாடி மாட்டிய கண்ணுக்குக் கத்தி தெரிவதில்லை, பொறிதான் தெரிகிறது. ஒவ்வொரு பக்கமும் மாற்றி மாற்றி ஆறு முறை. கூர்ப் பகுதியில் 0.7 மி.மீ. விட்டு நிறுத்தினேன், அதைவிட மெல்லியதாக்கிக் கடினப்படுத்தக் கொடுத்தால் கோணிக்கொண்டு வரும்.

கடினப்படுத்திய பிறகு வேகத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்கிவிடுவேன். கையுறை போடுவதில்லை. சுழலும் பெல்ட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும், அத்துடன் வெறும் விரல்தான் நம்மிடம் உள்ள சரியான வெப்பமானி. பிடிக்க முடியவில்லை என்றால் உடனே வாளித் தண்ணீர். முனைக்கு வரும்போது முக்கிவிட்டு, ஈரத்தோடு ஒரே இழுப்பு, தயங்கக் கூடாது. நீர்த்துளி முனையில் கொதித்து மறைவதற்குள் மறுபடி வாளி. 120, 220, 400 கிரிட் வரை பெல்ட், அதற்கு மேல் எமரி பேப்பரில் கைவேலை. கண்ணாடியும், துணி முகக்கவசம் அல்லாமல் வடிகட்டி உள்ள சுவாசக் கவசமும் கட்டாயம். மரப்பிடி தேய்த்த தூள் குவியலைக் கூட்டி எடுக்காமல் இரும்பு தேய்க்கவே கூடாது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கொட்டகையிலிருந்து ஊதுபத்தி போல் ஒரு மணம் வந்தது. போய்ப் பார்த்தால் மெஷினுக்குக் கீழே தேக்குத் தூள் கனன்றுகொண்டிருந்தது.

பெல்ட்டுகளை ஆணியில் தொங்கவிடாதீர்கள், ஒரே இடத்தில் மடிந்து வடு விழும். அகலமான பி.வி.சி. குழாயில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் ஒட்டின இடம் விடும்.

சின்ன மெஷினை விற்கவில்லை. கூர் வைக்க, பிடிக்குள் போகும் வால் பகுதியின் மூலைகளைச் சரிசெய்ய இன்றும் அதுதான். கத்தி செய்யாமல் தீட்ட மட்டும் விரும்புகிறவருக்கு அதுவே போதும். நான் கெட்டது அதை வாங்கியதால் அல்ல, அதனிடம் பெரிய மெஷின் வேலையைக் கேட்டதால்.

லேத் அண்ணன் சக்கரங்களுக்குக் கூலி வாங்கிக்கொண்டு, கூடவே வீட்டுக்கு ஒரு கத்தியும் கேட்டிருந்தார். புது மெஷினில் செய்த மூன்றாவதை, வேம்பு பிடி போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். பிடி ஆடுகிறதோ, துரு பிடித்துவிட்டதோ என்று வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"வீட்டில் மூன்று பேருக்கும் விரலில் கட்டு. கொஞ்சம் மழுக்கிக் கொடுங்கள் தம்பி" என்றார்.